கலம் எண் ஏழு

கிள்ளைக்கு அடுத்த எங்கள் பேரூராட்சியின் படிவத்தில்
ஏழாவது கலம் மட்டும் காலியாகக் கிடக்கிறது.
'தொல்குடியினர் மரபு. விவரம் தருக.
இரண்டு வரிக்கு மிகாமல்.'

மற்றதெல்லாம் எழுதிவிட்டேன்.
பதினைந்து வார்டு.
மேல்நிலைத் தொட்டி இரண்டு, ஒன்றில் விரிசல்.
சுனாமியில் போன சுவர், பிறகு வந்த சுவர்,
மீன் ஏலக்கூடத்தின் வாடகை பாக்கி.

"பிலிப்பைன்ஸ்லேந்து ஒருத்தர் வர்றார்,
அலையாத்தி பார்க்க.
அவரும் நம்மள மாதிரி ஒரு சின்ன ஊர் ஆபீஸ்காரர்தானாம்.
அதுக்குள்ள ஏழ முடிச்சிடுங்க"
என்றார் செயல் அலுவலர்.

வந்தார் எலிசியோ.
நாங்கள் வாங்கி வைத்த சால்வை
அவரைச் சுற்றி இரண்டு சுற்று வந்தது.
தீவின் பெயர் பலவான் என்றார்.
நான் எழுதியதை எட்டிப் பார்த்த டிரைவர்,
"ஆளப் பாத்தா அப்பிடித் தெரியலியே"
என்று ஜீப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்.

தன் இனத்தின் பெயரை மூன்று முறை சொன்னார்.
மூன்று முறையும் வேறு வேறாக எழுதினேன்.
அவர் ஊரிலும் இப்படியொரு படிவம் உண்டாம்.
அதிலும் அவர் ஆட்களுக்கு
ஒரு பெட்டி உண்டாம், இதே அகலம்.

வார்டு பதினொன்று, கழி ஓரம்.
மின்கம்பம் முடிகிற இடத்தில்
இருளர் தெரு தொடங்கும். பலகை கிடையாது.
அஞ்சலாட்சி கழுத்தளவு தண்ணீரில் இருந்தார்,
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு.
இருட்டில் தன் வீட்டுச் சாவியை எடுப்பதுபோல்
சேற்றுக்குள்ளிருந்து ஒரு இறால்.
பறிக்குள் போனது. இன்னொன்று.
வாயில் பறி இருந்ததால்
செயல் அலுவலரின் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

எலிசியோ செருப்பைக் கழற்றினார்.
"சார், சார்" என்பதற்குள்
கடிகாரத்தோடு இறங்கிவிட்டார்.
குதிகால்மேல் உட்கார்ந்து
இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து
மெல்ல மெல்ல நகர்ந்தார்.
வெகுநேரம் சேறு மட்டும் கலங்கி மேலே வந்தது.
பிறகு ஒரு நண்டு அவர் விரலைப் பிடித்தது.

அஞ்சலாட்சி பறியை வாயிலிருந்து எடுத்தார்.
"எதிர்த்தாப்ல வராத.
தண்ணி எறங்குற பக்கமா போ.
கையப் பரத்தாத, மூடு."
பரங்கிப்பேட்டையிலிருந்து கூட வந்த மாணவி
மொழிபெயர்க்க வாய் திறக்குமுன்
அவர் கை மூடியிருந்தது.
உள்ளே, விரல் நீளத்துக்கு,
முதுகில் ஒரு கறுப்பு நூலோடு, கண்ணாடி.

நாங்கள் கைதட்டினோம்.
ஈரப் புடவையைப் பிழிந்தபடி
அஞ்சலாட்சி என்னிடம்தான் கேட்டார்:
"எம் மவ கௌசல்யாவோட சான்று
பதினாலு மாசமா சிதம்பரத்துல கெடக்கு.
நெசமா இருளர்தானான்னு
எலி புடிச்சுக் காட்டச் சொல்றாங்க.
அது நர்சிங் படிக்கணுங்கற புள்ள,
நீச்சலே தெரியாது.
இவுருதான் நல்லாப் புடிக்கிறாரே,
இவுருக்குன்னா குடுத்துடுவாங்களா?"

மாணவி இதை மொழிபெயர்க்கவில்லை.
செயல் அலுவலர் கடலைப் பார்த்தார்.
எலிசியோ அவளைத் திரும்பக் கேட்டு,
அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதும்,
உள்ளங்கையில் முத்திரை குத்துவதுபோல் குத்திக் காட்டினார்.
பிறகு வருடங்களை விரல் விட்டு எண்ணினார்.
இரண்டு கை முடிந்து
மறுபடி முதல் விரலுக்கு வந்தார்.

அன்று மாலை ஏழாவது கலத்தில் எழுதினேன்:
'கௌசல்யா, த/பெ முருகவேல், வார்டு பதினொன்று.
மனு நிலுவை: பதினான்கு மாதம்.'
இரண்டே வரி. மிகவில்லை.

செயல் அலுவலர் கோபப்படவில்லை.
ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு
மேலே பொடி எழுத்தில்
'கையால் இறால் பிடித்தல்' என்று சேர்த்தார்.
கூடவே ஒரு படம்,
கலங்கல் தண்ணீரில் இரண்டு தலை,
நகலெடுத்ததில் எது யார் என்று தெரியவில்லை.

நான் அழுத்தி எழுதுகிறவள்.
தாளைத் திருப்பினால்
அடித்த எழுத்து மறுபக்கம் புடைத்திருக்கிறது,
தலைகீழாக, இடவலமாக.
கண்ணால் முடியாது.
சேற்றில் துழாவுவதுபோல் விரலை நகர்த்தினால்
பதினான்கு வரை வருகிறது.